ஒரு ஃபிளாப்பியில் ஒரு வெப்சைட்

2000-ஆம் ஆண்டு வாக்கில் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் வெப்சைட் முழுவதும் ஒரு ஃபிளாப்பியில் அடங்கிவிடும். ஃபிளாப்பியின் கொள்ளளவு 1.44 எம்.பி. ஐந்து பக்கங்கள், கம்பெனி லோகோ, நிட்டிங் மெஷின் படம் இரண்டு, டி-ஷர்ட் படங்கள் ஐந்தாறு. இவ்வளவும் போட்ட பிறகும் இடம் மிச்சமிருக்கும். எனக்கு அப்போது வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தது, இன்டர்நெட் இல்லை. பக்கங்களை வீட்டில் கட்டி, ஃபிளாப்பியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பிரவுசிங் சென்டருக்குப் போய் ஏற்றுவேன். வி.எஸ்.என்.எல். இந்தியாவில் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு கொடுக்கத் தொடங்கியது 1995 ஆகஸ்ட் 15-இல். ஐந்து வருஷம் கழித்தும் எங்கள் தெருவுக்கு இன்டர்நெட் பிரவுசிங் சென்டர் வழியாகத்தான் வந்தது.

கட்டுவதற்குக் கருவி நோட்பேட். ட்ரீம்வீவர், ஃப்ரண்ட்பேஜ் எல்லாம் இருந்தன. என் கம்ப்யூட்டரில் தயங்காமல் திறந்தது நோட்பேட் ஒன்றுதான். மேலே தலைப்பு, இடது பக்கம் மெனு, நடுவில் செய்தி என்று பக்கத்தைப் பிரிக்க டேபிள் போடுவோம். விலைப்பட்டியல் மாதிரி விவரங்களை அடுக்க வந்த டேபிளை வைத்துக்கொண்டு பக்கத்தின் வடிவத்தையே கட்டினோம். டேபிளுக்குள் டேபிள், அதற்குள் இன்னொன்று. இரண்டு கட்டங்களுக்கு நடுவே இடைவெளி வேண்டுமென்றால், ஒரு பிக்சல் அகலமும் உயரமும் உள்ள, கண்ணுக்குத் தெரியாத ஒரு ஜிஃப் படத்தை வைத்து, அதை வேண்டிய அளவுக்கு இழுத்துவிடுவோம். அந்தக் காலத்தில் உலகம் முழுக்க இணையப் பக்கங்கள் இப்படித்தான் நின்றன. ஹோக்கன் வியூம் லீ 1994-இல் முன்வைத்த சி.எஸ்.எஸ்., 1996 டிசம்பரிலேயே முறையான பரிந்துரையாக வெளிவந்துவிட்டது. ஆனால் நெட்ஸ்கேப் அதை ஒரு விதமாகப் புரிந்துகொண்டது, இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் வேறு விதமாகப் புரிந்துகொண்டது. இரண்டிலும் ஒரே மாதிரி தெரிய வேண்டுமானால் டேபிள்தான் கதி. அதிலும், டேபிளை மூடும் டேக் ஒன்று விட்டுப்போனால் எக்ஸ்ப்ளோரர் பொறுத்துக்கொள்ளும். நெட்ஸ்கேப் அந்த டேபிளையே காட்டாது.

ஒரு முதலாளி சொன்னது எனக்கு இன்றுவரை பாடமாக இருக்கிறது. டிசைனை பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். பார்த்துவிட்டு, "தம்பி, மத்ததெல்லாம் நீங்க எப்படி வேணாலும் பண்ணிக்குங்க. கம்பெனி பேரு மட்டும் குறுக்கால ஓடோணும்" என்றார். மார்க்கீ டேக் போட்டால் எழுத்து ஓடும், அது எக்ஸ்ப்ளோரரில் மட்டும்தான் வேலை செய்யும், நெட்ஸ்கேப்பில் சும்மா நிற்கும் என்றேன்.

"செரி, நம்ம பையர் எதுல பாப்பாருங்க?"

"தெரியலைங்க அண்ணா. ரெண்டுலயும் பாக்கலாம்."

"அப்ப ரெண்டுலயும் ஓடற மாதிரி பண்ணுங்க. அவரு எதுல பாக்கறாரோ அதுக்குத்தான தம்பி நாம கடை போடறோம்."

பெயரை ஜிஃப் அனிமேஷனாகச் செய்து இரண்டிலும் ஓடவிட்டேன். பக்கம் நம்முடைய கம்ப்யூட்டருக்காகக் கட்டப்படுவதல்ல, பார்க்கிறவருடைய கம்ப்யூட்டருக்காகக் கட்டப்படுவது. முன்பின் இணையத்தைப் பார்க்காத ஒரு மனிதர் இதை ஒரே கேள்வியில் பிடித்துவிட்டார்.

ஏற்றுகிற வேலை தனி. எஃப்.டி.பி. மென்பொருளைத் திறந்தால் இடது பக்கம் நம் கம்ப்யூட்டர், வலது பக்கம் சர்வர். நடுவில் உள்ள அம்புக்குறியை அழுத்தினால் கோப்பு இங்கிருந்து அங்கே போகும். எழுத்துக் கோப்புகளை ஆஸ்கி முறையில் அனுப்ப வேண்டும், படங்களை பைனரி முறையில் அனுப்ப வேண்டும். மாறிப்போனால் படம் பாதிக்குமேல் கிழிந்து வரும். விண்டோஸில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்றுதான், யூனிக்ஸ் சர்வரில் வேறு வேறு. வீட்டில் அருமையாகத் தெரிந்த படம் சென்டரில் காணாமல்போனால், கோப்பின் பெயரில் பெரிய எழுத்தில் உள்ள 'ஜேபிஜி'யைத்தான் முதலில் பார்ப்போம். ஒரே போன் லைனை ஏழெட்டு கம்ப்யூட்டர்கள் பங்குபோட்டுக்கொண்டிருக்கும். ஏற்றும்போது லைன் அறுந்தால் பழைய பக்கமும் இல்லை, புதிய பக்கமும் இல்லை. உலகம் பார்க்கிற இடத்தில் பாதிப் பக்கம் நிற்கும்.

இவ்வளவு சிரமத்தையும் தாண்டி அந்தக் காலத்தை நான் உயர்வாக நினைப்பதற்குக் காரணம் 'வியூ சோர்ஸ்'. எந்த நாட்டில் யார் கட்டிய பக்கமானாலும், வலது கிளிக் செய்தால் அது கட்டப்பட்ட விதம் முழுவதும் கண்முன்னே விரியும். நான் வகுப்புக்குப் போகவில்லை. பெரிய பெரிய தளங்களின் சோர்ஸைச் சேமித்து ஃபிளாப்பியில் எடுத்துவந்து, வீட்டில் ஒரு டேக்கை எடுத்துப் பார்ப்பேன், என்ன உடைகிறது என்று கவனிப்பேன், திரும்ப வைப்பேன். என் வயதில் இந்தத் தொழிலுக்கு வந்தவர்கள் எத்தனையோ பேர் படித்த பள்ளிக்கூடம் அதுதான். கட்டணம் பிரவுசிங் சென்டரின் மணிக்கணக்கு மட்டும்.

தமிழில் பக்கம் போடுவதுதான் எல்லாவற்றிலும் கடினம். ஒரு சிற்றிதழின் பழைய இதழ்களை ஏற்றிக் கொடுக்கும் வேலை எனக்கு வந்தது. அப்போது ஒவ்வொரு பத்திரிகையும் ஒவ்வொரு ஃபாண்ட் வைத்திருந்தது, ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு குறியீடு. வாசகரிடம் அந்த ஃபாண்ட் இல்லையென்றால், தலையில் கோடும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள்தான் பக்கம் முழுக்கத் தெரியும். "எழுத்து தெரியவில்லையா? இங்கே ஃபாண்டை இறக்கிக்கொள்ளுங்கள்" என்று மேலே ஒரு வரி போடுவோம். ஃபாண்ட் இல்லாதவருக்கு அந்த வரியும் தெரியாதே! அதனால் அந்த வரியை மட்டும் படமாகப் போட வேண்டும். பிறகு டைனமிக் ஃபாண்ட் வந்தது. அதிலும் நெட்ஸ்கேப்புக்கு ஒரு கோப்பு, எக்ஸ்ப்ளோரருக்கு வேறு கோப்பு. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டிலிருந்து டாம், டாப் என்ற குறியீடுகள் வந்தன. அதற்கு முன்பே இணையத் தமிழர்கள் கூடி உருவாக்கிய டிஸ்கி இருந்தது. எதைத் தேர்ந்தெடுத்தாலும் மற்றதில் இருப்பவர்களுக்குப் பக்கம் திறக்காது.

இந்தக் குழப்பத்தின் நடுவே 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு மனம் நிறைகிறது. சுவிட்சர்லாந்தில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்த, பல நாடுகளில் இருந்த தமிழர்கள் சம்பளமில்லாமல் தட்டச்சு செய்தும் மெய்ப்புப் பார்த்தும் இலக்கியங்களை ஏற்றினார்கள். அலங்காரம் இல்லை, அசைவு இல்லை. எளிய ஹெச்.டி.எம்.எல். பக்கம், மேலே நூலின் பெயர், கீழே பாட்டு. குறியீடு மாறியபோது நூல்களையும் மாற்றினார்கள். டிஸ்கியில் இருந்தவை யூனிகோடுக்கு வந்தன. பக்கம் எளிமையாக இருந்ததால்தான் அந்த மாற்றம் கைக்கு அடங்கியது. வரிசை எண் போட்ட அந்த நூல்களை இன்று எந்த போனில் திறந்தாலும் வாசிக்க முடிகிறது.

அடுத்த பத்துப் பன்னிரண்டு வருஷங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பி.எச்.பி., மைஎஸ்கியூஎல் வந்தன. 2003-இல் வேர்ட்பிரஸ் வந்தது. பிறகு நாலு பக்கம் உள்ள கம்பெனி தளத்துக்கும் பின்னால் ஒரு டேட்டாபேஸ் உட்கார்ந்துகொண்டது. திருப்பூர் பாணியில் சொன்னால், ரெடிமேடாகத் தைத்து அடுக்கி வைத்த சட்டையை எடுத்துக் கொடுப்பதற்குப் பதிலாக, வாசலில் வருகிற ஒவ்வொருவருக்கும் அதே அளவு, அதே கலர் சட்டையை அப்போதைக்கப்போது வெட்டித் தைத்துக் கொடுத்தோம். அடிக்கடி மாறும் செய்தித்தளத்துக்கு அது தேவை. வருஷத்துக்கு ஒருமுறை போன் நம்பர் மாற்றுகிற கம்பெனிக்குத் தேவையில்லை. பிளக்இன்னைப் புதுப்பிக்காமல் விட்ட தளங்களில் யார்யாரோ நுழைந்து மருந்து விளம்பரங்களை ஒட்டிவிட்டுப் போனார்கள். இன்னொரு பக்கம் டேபிள் போய் ஃப்ளோட் வந்தது. எக்ஸ்ப்ளோரர் 6-இன் கோளாறுகளுக்கென்று தனியாக சி.எஸ்.எஸ். எழுதினோம். 2006-இல் ஜேகுவெரி, 2011-இல் பூட்ஸ்ட்ராப். 2010-இல் ஈதன் மார்காட் ரெஸ்பான்சிவ் டிசைன் பற்றி எழுதினார். ஒரே பக்கம் போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் தானாக வளைந்து கொடுக்கலாம் என்று அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

அந்த ஓட்டத்தின் நடுவில், 2008-இல், டாம் பிரெஸ்டன்-வெர்னர் ஜெக்கில் என்ற கருவியை வெளியிட்டார். கட்டுரைகளைச் சாதாரண எழுத்துக் கோப்புகளாக எழுதிவைத்தால், அது டெம்ப்ளேட்டில் போட்டு முழுத் தளத்தையும் ஹெச்.டி.எம்.எல். கோப்புகளாக ஒரே தடவையில் உருவாக்கித் தந்துவிடும். டேட்டாபேஸ் இல்லை, சர்வருக்குக் கோப்பை எடுத்துக் கொடுப்பது மட்டும்தான் வேலை. பிறகு ஹியூகோ, இலெவன்ட்டி, ஆஸ்ட்ரோ என்று ஒரு குடும்பமே வந்தது. உலகம் முழுக்கச் சுற்றிவந்து, நாங்கள் ஃபிளாப்பியில் கொண்டுபோன அதே வகைக் கோப்புகளிடம் வந்து நின்றோம். இந்தத் திரும்புதலை நான் வரவேற்கிறேன். சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம்.

இப்போதைய வேலை எப்படி நடக்கிறது? என்னிடம் வேலை பார்க்கும் பிள்ளைகள் காலையில் ஒரு திருத்தம் செய்கிறார்கள், கிட்டில் கமிட் செய்து புஷ் பண்ணுகிறார்கள். அடுத்த நிமிஷம் எங்கோ ஒரு சர்வரில் பில்ட் ஓடுகிறது. வாடிக்கையாளர் பார்ப்பதற்கென்று தனியாக ஒரு முன்னோட்ட முகவரி வருகிறது. அவர் சரி என்றதும்தான் லைவுக்குப் போகிறது. கோளாறு வந்தால் முந்தைய பதிப்பை ஒரே கிளிக்கில் திரும்பக் கொண்டுவரலாம். பாதிப் பக்கம் நிற்கும் பேச்சே இல்லை. பூட்டுக்குறியோடு தளம் திறப்பதற்கான சான்றிதழை லெட்ஸ் என்க்ரிப்ட் இலவசமாகவே தருகிறது. 2017 மார்ச்சில் பெரிய பிரவுசர்கள் சி.எஸ்.எஸ். கிரிட்டைக் கொண்டுவந்த பிறகு, அன்று டேபிளுக்குள் டேபிளாக நாள் முழுக்கக் கட்டியது மூன்று நாலு வரியில் முடிகிறது. தமிழ் எழுத்துக்கு நோட்டோ, மீரா இனிமை, முக்த மலர், கவிவனர் என்று தேர்ந்தெடுக்க இலவச ஃபாண்டுகள் கிடைக்கின்றன. ஃபாண்டை இறக்கச் சொல்லும் வரியைப் படமாகப் போட்டவனுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

ஆனாலும் தமிழ்ப் பக்கத்துக்கென்று தனிக் கவனம் இன்றும் வேண்டும். ஆங்கிலத்துக்காக வடிவமைத்த டெம்ப்ளேட்டில் அப்படியே தமிழைக் கொட்டினால், மேல் வரியின் 'கு' வால் கீழ் வரியின் 'கி' மேல்விலங்கில் இடிக்கும். வரி இடைவெளியைக் கூட்ட வேண்டும். ஆறெழுத்து ஆங்கிலச் சொல்லுக்காக வரைந்த பட்டனில் 'தொடர்புகொள்ள' அடங்காது. 'ஒப்பந்தப்புள்ளிகள்' போன்ற சொற்கள் போன் திரையின் ஓரத்தைத் தாண்டி ஓடும். சொல்லை உடைக்க அனுமதிக்கும் விதியைச் சேர்க்க வேண்டும். பக்கத்தின் மொழி தமிழ் என்று மேலேயே அறிவிக்க வேண்டும். பார்வையற்றவருக்குப் பக்கத்தை வாசித்துக் காட்டும் மென்பொருள் எந்தக் குரலில் வாசிப்பது என்று அதை வைத்துத்தான் முடிவுசெய்கிறது. இதைச் செய்யாத தமிழ்த் தளங்களை இன்றும் பார்க்கிறேன். ஒரு வரி வேலை அது.

சமீபத்தில் எங்கள் அலுவலகத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஊர்ப் பெயர்களைத் தலைப்பாகக் கொண்ட ஒரு தளத்தை ஒரு பெண் கட்டினாள். கோப்புப் பெயர்களும் தமிழிலேயே இருக்கட்டும் என்று 'கோவை', 'பொள்ளாச்சி', 'கரூர்' என வைத்தாள். அவளுடைய பழைய மேக்கில் எல்லாப் பக்கமும் திறந்தது. ஃபோல்டரை அப்படியே இழுத்துப்போட்டு ஏற்றினாள். கரூர் திறக்கிறது, கோவையும் பொள்ளாச்சியும் 404.

"அண்ணா, கோப்பு இருக்குது, லிங்க் சரியா இருக்குது. எழுத்துக்கு எழுத்து பார்த்துட்டேன், ஆனா வரமாட்டேங்குது" என்றாள்.

அவள் பார்த்தது சரிதான், கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. சிக்கல் 'கோ'வில் இருந்தது. யூனிகோடில் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரட்டைக்கொம்பும் காலும் என இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம்; 'பொ'வின் ஒகரக் குறியும் அப்படியே. மேக்கின் பழைய கோப்பு முறை பெயர்களை இரண்டாகப் பிரித்துத்தான் சேமிக்கும். அவள் தட்டச்சு செய்த லிங்க்கிலோ ஒரே குறியீடு. மேக் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொண்டது. லினக்ஸ் சர்வர் பைட்டுக்குப் பைட் ஒப்பிட்டு, அப்படியொரு கோப்பு இல்லை என்றது. கரூரில் பிரியக்கூடிய குறி எதுவும் இல்லை, அதனால் தப்பித்தது. காரணம் தெரிந்ததும் அந்தப் பெண் பில்டில் ஒரு வரி சேர்த்தாள்: எல்லாப் பெயர்களையும் ஒரே வடிவத்துக்கு நார்மலைஸ் செய்துவிட்டு ஏற்று. அத்தோடு தீர்ந்தது. அன்றைக்குப் பெரிய எழுத்து சின்ன எழுத்துக்காக நாங்கள் கண் வலிக்கத் தேடிய அதே வகைச் சிக்கலை, இன்று ஒரு வரியில் நிரந்தரமாக மூட முடிகிறது. இந்தக் கருவிகளை நான் மதிப்பது இதற்காக.

என் வருத்தம் வேறு இடத்தில். ஐந்து பக்கத் தளத்துக்கு இன்று, நிரல் தொகுப்புகளை இறக்கித் தரும் என்.பி.எம்.-இல் இன்ஸ்டால் கொடுத்தால் சில நூறு எம்.பி. கோப்புகள் வந்து இறங்குகின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றை யார் எழுதினார்கள், எதற்காக வருகின்றன என்பது தளத்தைக் கட்டுகிறவருக்கே தெரியாது. 2016 மார்ச் 22-ஆம் தேதி, ஒரு பெயர்த் தகராறில் கோபப்பட்ட ஒருவர் தன்னுடைய தொகுப்புகளை என்.பி.எம்.-இலிருந்து எடுத்துவிட்டார். அவற்றில் ஒன்றான லெஃப்ட்-பேட் வெறும் 11 வரி நிரல். ஒரு சொல்லின் இடப்பக்கம் வெற்றிடம் நிரப்புவது அதன் வேலை. அந்த 11 வரி இல்லாததால் உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான திட்டங்களின் பில்ட் நின்றது. சில மணி நேரத்துக்குள் திரும்ப வைத்துவிட்டார்கள். ஆனால் எதன்மேல் நாம் நின்றுகொண்டிருக்கிறோம் என்பது அன்று வெளிச்சமானது. நாலைந்து வருஷம் தொடாத ஒரு திட்டத்தை இன்று எடுத்து பில்ட் ஓட்டிப் பாருங்கள். பல நேரம் பாதியில் நின்றுவிடும். நான் நோட்பேடில் கட்டிய பக்கங்களை இன்று குரோமில் திறந்தால், டேபிளும் ஜிஃப்புமாக அப்படியே திறக்கின்றன. செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1991-இல் வெளியிட்ட உலகின் முதல் வெப்சைட்டும் இன்றைய போனில் திறக்கிறது.

வியூ சோர்ஸும் பல தளங்களில் செத்துவிட்டது. வலது கிளிக் செய்தால் ஒரே வரியில் நெருக்கி அமுக்கிய நிரல்தான் தெரிகிறது. கற்றுக்கொள்ள வரும் பிள்ளைக்கு அதில் பிடிப்பதற்கு ஒன்றும் இல்லை. ஆகவே வேலைக்கு வருபவர்களை முதல் வாரம் எந்தக் கருவியையும் தொடவிடுவதில்லை. வெறும் எடிட்டரில், கையால், ஒரு ஹெச்.டி.எம்.எல். பக்கம், ஒரு சி.எஸ்.எஸ். கோப்பு. ரியாக்ட் தெரிந்துகொண்டு வந்தவர்களுக்கு முதலில் கொஞ்சம் சுணக்கமாக இருக்கும். தலைப்புக்குத் தலைப்பு டேக், பத்திக்குப் பத்தி டேக், லிங்க்குக்கு லிங்க் டேக் என்று போட்டாலே பக்கம் பாதி நின்றுவிடுகிறது என்பதைப் பார்த்த பிறகு சுணக்கம் போய்விடுகிறது. இரண்டாவது வாரம் வீட் தொடங்கலாம், டெயில்விண்ட் தொடங்கலாம். என்ன செய்கிறது என்று தெரிந்து தொடங்குவார்கள்.

கடைசியாக, தமிழில் தளம் நடத்தியவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். 1994-இல் தொடங்கி, 1999-இல் யாகூ வாங்கிய ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபர் 26-இல் மூடப்பட்டது. தனிமனிதர்கள் கட்டிய கணக்கற்ற பக்கங்கள் அதில் இருந்தன. தன்னார்வலர்கள் முடிந்த அளவுக்குப் பிரதி எடுத்துக் காப்பாற்றினார்கள், மற்றவை போய்விட்டன. தொண்ணூறுகளின் கடைசியிலும் அதற்கடுத்த சில வருஷங்களிலும் கட்டப்பட்ட தமிழ்ப் பக்கங்கள், அதாவது சிற்றிதழ்கள், ஊர் வரலாறுகள், கல்லூரி மலர்கள், தனிப்பட்ட கவிதைத் தொகுப்புகள் எனப் பலவும் இன்று இணையத்தில் இல்லை. அவற்றின் மூலக் கோப்புகள் யாரோ ஒருவருடைய வீட்டு அலமாரியில் சி.டி.யில் இருக்கலாம். வீட்டில் எழுதிய சி.டி.யின் சாயப்பூச்சு காலப்போக்கில் மங்கும், அதன்பின் எந்தக் கருவியாலும் படிக்க முடியாது. உங்களிடம் அப்படி ஒன்று இருந்தால் இந்த வாரமே எடுத்து ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுங்கள். பழைய ஃபாண்டில் இருப்பதை யூனிகோடுக்கு மாற்றும் கன்வெர்ட்டர்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றிய கோப்புகளைக் கையால் எழுதிய எளிய பக்கங்களாகவே போட்டு ஏற்றுங்கள். அந்த அளவுக்கு இலவச ஹோஸ்டிங்கே போதும், எந்த பில்டும் வேண்டாம். எப்படி ஏற்றுவது என்று தெரியாவிட்டால் உங்கள் தெருவில் இந்த வேலை தெரிந்த ஒரு பிள்ளை நிச்சயம் இருக்கும், கூப்பிட்டுக் கேளுங்கள். ஒரு மாலைப்பொழுது வேலைதான்.